செட்டிநாட்டில் கிழக்கு ஆசிய வரலாறு நடத்திக் கற்றவை

காரைக்குடிப் பக்கம் வரலாற்றுப் பேராசிரியராக இருக்கிறேன். கிழக்கு ஆசிய வரலாறு என் பொறுப்பு: சீனா, ஜப்பான், கொரியா. அபினிப் போர், மெய்ஜி மீட்சி (ஜப்பானில் பேரரசர் ஆட்சி மீண்டது), 1911 புரட்சி, மாவோ என்று வரிசையாகப் போகும் தாள். மாணவர்கள் இதை விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை, பாடத்திட்டத்தில் இருப்பதால் வந்து உட்காருகிறார்கள். தேவகோட்டை, கண்டனூர், கல்லல், திருப்பத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்களில் நிறைய பேர் அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருபவர்கள். "இது நமக்கு எதுக்கு?" என்று சிலர் வாய்விட்டே கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கான பதில் இந்த ஊர் வீடுகளுக்குள்ளேயே கிடக்கிறது என்பதைப் பாடம் நடத்த நடத்தத்தான் நான் தெரிந்துகொண்டேன். இதே பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும், பழைய சாமானும் பழைய கணக்கும் வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் உதவும் என்று நம்பி எழுதுகிறேன்.

நான் மெய்ஜியில் தொடங்குவதில்லை. சுவரில் இருக்கும் டைல்ஸில் தொடங்குவேன். செட்டிநாட்டு வீட்டுத் தரையில் இருப்பது ஆத்தங்குடிக் கல், அது உள்ளூர் வேலை. முகப்பிலும் வளவை (உள்முற்றத்தை) சுற்றியும் சுவரில் பதித்திருக்கும், பூ வேலைப்பாடு புடைத்து நிற்கும் பளபளப்பான சதுர டைல்ஸ் கப்பலில் வந்தது. வீட்டுக்காரர்கள் "இத்தாலி", "பெல்ஜியம்" என்பார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் ஜப்பான் என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். டான்டோ, சாஜி போன்ற ஜப்பானியக் கம்பெனிகளின் முத்திரைகளும் உண்டு. இந்திய வாடிக்கையாளருக்காக லட்சுமி, கிருஷ்ணர் உருவம் வைத்தே டைல்ஸ் செய்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஜப்பான்காரர் ஏன் லட்சுமி டைல்ஸ் செய்தார்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு வாரப் பாடம் ஆகும். அதுவரை இந்த வகை டைல்ஸில் இங்கிலாந்தின் கை ஓங்கியிருந்தது. 1914-ல் ஐரோப்பா போருக்குள் போனதும் அங்கிருந்து ஆசியாவுக்கு வந்த சரக்கு குறைந்துபோனது. அந்த இடத்தில் ஜப்பானியத் தொழிற்சாலைகள் நுழைந்தன. துணி, தீப்பெட்டி, பீங்கான், டைல்ஸ் எல்லாம் ஆசியச் சந்தைகளில் இறங்கின. அதுவரை வெளிநாட்டுக் கடன் வாங்கிய நாடு, போர் முடியும்போது கடன் கொடுக்கும் நாடாகிவிட்டது. அதே செழிப்பின் மறுபக்கம் விலைவாசி. 1918 ஜூலையில் தொயாமா பகுதி மீனவக் குடும்பத்துப் பெண்கள் அரிசி தங்கள் ஊரிலிருந்து கப்பல் ஏறுவதை மறித்தார்கள். கலகம் நாடு முழுக்கப் பரவி, பிரதமர் தெராவுச்சியின் அமைச்சரவையே விழுந்தது. பாடப்புத்தகத்தில் "போர்க்கால ஏற்றம்", "அரிசிக் கலகம்" என்று இரண்டு தனித்தனிப் பத்திகளாக இருப்பதை, டைல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும்போது பிள்ளைகள் ஒரே கதையாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இதைச் செய்ய நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சுவரில் பதித்த டைல்ஸை ஒருபோதும் பெயர்க்கச் சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் கூடுதலாக வாங்கி மீந்ததைச் சாமான் அறையில் அடுக்கி வைத்திருப்பார்கள். அதைக் கேட்டால் ஆச்சிமார் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார்கள். பின்பக்கத்தை ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் மங்குச் சாமான், ஜாடி, பொம்மை என்று தேடினாலும் முத்திரைகள் கிடைக்கும். 'நிப்பான்' என்றிருந்தால் 1891-க்கும் 1921-க்கும் இடைப்பட்டதாக இருக்கலாம். வெறும் 'ஜப்பான்' என்றால் பெரும்பாலும் அதற்குப் பிறகு. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்ற பொருளில் இருந்தால், அமெரிக்கா ஜப்பானை ஆண்ட காலம், அதாவது 1952 வரைக்குள். ஆனால் இவை அமெரிக்க இறக்குமதி விதிகளை ஒட்டி வந்த வழக்கம். நம் பக்கம் வந்த சரக்கு அந்த விதிக்குக் கட்டுப்பட்டதில்லை. ஆகவே இதைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். டைல்ஸின் வயதும் வீட்டின் வயதும் ஒன்று என்றும் முடிவுகட்டக் கூடாது. ஒரு கல்யாணத்துக்காக வீட்டைப் புதுப்பித்தபோது பதித்திருக்கலாம். இடித்த வீட்டிலிருந்து வாங்கிவந்தும் பதித்திருக்கலாம்.

அடுத்தது போர். இங்கேதான் பாடம் மாணவர்களின் சொந்தக் கதையாக மாறுகிறது, நானும் இதில்தான் அதிக நேரம் செலவிடுகிறேன்.

பர்மா, மலாயா, சைகோன் எல்லாம் தென்கிழக்கு ஆசியா. கறாராகப் பார்த்தால் என் தாளுக்கு வெளியே. ஆனால் செட்டிநாட்டிலிருந்து சீனாவுக்கும் ஜப்பானுக்கும் போகும் வழி அந்த ஊர்களைத் தொட்டுத்தான் போகிறது. 1852-ல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்து, 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்து, பர்மா அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்ததும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்யப் போன கடைகள் அங்கே பெருகின. 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் சுமார் 75 கோடி ரூபாய் அவர்கள் கையில் புழங்கியது. பேரன்கள் காலத்திலும் 'ரங்கூன்' என்ற பேச்சு வராத வீடு குறைவு. "ஜப்பான்காரன் குண்டு போட்டான், எல்லாம் போச்சு" என்று ஒரு வரியில் அந்தக் கதையை முடித்துவிடுவார்கள். ஜப்பான்காரன் ஏன் ரங்கூனில் குண்டு போட்டான் என்று வகுப்பில் கேட்டால் அமைதிதான்.

பதில் சீனாவில் இருக்கிறது. 1937 ஜூலையில் பெய்ஜிங் அருகே மார்கோ போலோ பாலத்தில் தொடங்கிய சண்டை முழுப் போரானது. கடற்கரை நகரங்களை இழந்த, சியாங் கை ஷேக் தலைமையிலான சீன அரசு உள்நாட்டில் சோங்சிங்குக்குப் பின்வாங்கியது. துறைமுகமே இல்லாத அந்த அரசுக்கு ஆயுதமும் பெட்ரோலும் போய்ச் சேர்ந்த முக்கியமான வழி, ரங்கூன் துறைமுகத்தில் இறக்கி, ரயிலில் வடக்குப் பர்மாவின் லாஷியோ வரை கொண்டுபோய், அங்கிருந்து 1,100 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதையில் குன்மிங் வரை போகும் பர்மா சாலை. அந்தச் சாலையைத் தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மாகாணக் கிராமத்து ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் கையாலேயே வெட்டி 1938-ல் திறந்தார்கள். 1941-ல் ஜப்பான் தெற்கு இந்தோசீனாவுக்குள் நுழைந்ததும் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. ஜப்பானுக்கு டச்சு இந்தியத் தீவுகளின் (இன்றைய இந்தோனேசியா) எண்ணெய் வேண்டும், சீனாவுக்குப் போகும் வழியும் அடைபட வேண்டும். 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச் 8-ல் ரங்கூன். செட்டிநாட்டு வீட்டில் நின்றுபோன வரவுக்கும் யுன்னான் மலைச்சாலைக்கும் இருக்கும் தொடர்பைக் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

ஒரு மாணவன் தன் பூட்டனார் அடுத்தாளாக (ஏஜெண்டுக்கு அடுத்த பொறுப்பில்) இருந்த கடையின் குறிப்புப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தான். தேதியெல்லாம் தமிழ் வருடத்தில். விஷு வருடம் மார்கழியோடு எழுத்து நிற்கிறது, மீதி வெறும் தாள். விஷு என்பது 1941-42. மார்கழி என்றால் டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதி. அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவன் அவனேதான், நான் சொல்லவில்லை. அறுபது வருடச் சுற்றை எண்ணத் தெரிந்த பிள்ளைக்குச் சீன வரலாறு ஒரு படி சுலபம். அங்கேயும் அறுபது வருடச் சுற்று உண்டு, பெரிய நிகழ்ச்சிகளுக்கு அந்த வருடத்தின் பெயரையே வைப்பார்கள். 1911 புரட்சி அவர்களுக்குச் சின்ஹாய்ப் புரட்சி, நம் கணக்கில் அது விரோதிகிருது வருடம். 1894-ல் ஜப்பானிடம் சீனா தோற்ற போருக்கு ஜியாவூ போர் என்று பெயர், நமக்கு அது ஜய. சுற்று தொடங்கும் வருடமும் புத்தாண்டு வரும் மாதமும் வேறு என்பதைச் சொல்லிவிட்டால் போதும், தேதியை மனப்பாடம் செய்யும் பயம் பாதி குறைகிறது.

பெரியவர்களிடம் கேட்கப் போகும்போது எந்த வருடம் என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். யார் கல்யாணத்துக்கு முன்னால், எந்தப் பிள்ளை பிறந்த பிறகு, வீட்டில் அப்போது யார் சமைத்தார்கள் என்று கேட்கச் சொல்லுவேன். அப்படிக் கேட்டபோது ஓர் ஆச்சி சொன்னதை ஒரு மாணவி அப்படியே எழுதிவந்தாள்: "எங்க அப்பச்சி (அப்பா) நடந்தே வந்தாக. காலு வீங்கிப்போயிருந்துச்சு. வாசல்ல நின்னப்போ ஆத்தாவுக்கே அடையாளம் தெரியலை." அந்தப் பெரியவர் எந்த வழியாக வந்தார் என்று தேட, வரைபடத்தை விரித்தோம். அரக்கான் வழி, தாமு தாண்டி மணிப்பூர் வழி, வடக்கே ஹுக்காங் பள்ளத்தாக்கு வழி என்று மூன்று. வழியில் யானை பார்த்ததாகவும் இம்பாலில் கஞ்சி குடித்ததாகவும் ஆச்சிக்கு நினைவு இருந்தது, அதனால் மணிப்பூர் வழி என்று முடிவுக்கு வந்தோம். அந்த ஆண்டு பர்மாவிலிருந்து தரைவழியாக வந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில். வழியிலேயே இறந்தவர்கள் பல ஆயிரம்.

இந்தப் பாடத்தில் இரண்டு விஷயங்களை நான் விட்டுக்கொடுப்பதில்லை. முதலாவது, நம் பக்கத்து இழப்போடு நிறுத்தக் கூடாது. 1930-க்குப் பிறகு அரிசி விலை சரிந்தபோது கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் நகரத்தார் கடைகளின் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த பங்கு, 1937-ல் 25 சதவீதம். நிலம் வேண்டும் என்று போனவர்கள் அல்ல அவர்கள், அவர்களுக்குப் பணம்தான் வேண்டியிருந்தது. ஆனாலும் நிலம் இழந்தவருக்கு அந்த வித்தியாசம் ஆறுதல் ஆகாது. 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் எழுந்த பர்மிய விவசாயிகளின் கலகத்தையும், 1948-ல் விடுதலையானதும் பர்மா ஏன் நிலத்தைத் தேசியமயமாக்கியது என்பதையும் இது இல்லாமல் சொல்ல முடியாது. சில குடும்பங்கள் இதை வகுப்பில் பேசுவதை விரும்பவில்லை. அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் பேசித்தான் ஆக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாவது, பேரேடு இல்லாதவர்களின் கதை. கிராமத்திலிருந்து மலாயா ரப்பர் தோட்டத்துக்குக் கூலியாகப் போய், ஜப்பான் ராணுவம் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போக, திரும்பாமல் போனவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகளும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். 1942-43-ல் 415 கிலோமீட்டர் போட்ட பாதை அது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அங்கே இறந்த போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறை வரிசை வரிசையாக இருக்கிறது. தமிழ்க் கூலிகளுக்கு அப்படி இல்லை. அவர்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது, வாழை மரப் படம் போட்ட ஜப்பான் காலத்து நோட்டு ஒன்று, அல்லது ஒரு பெயர். அந்தப் பெயரை எழுதி வைப்பதும் என் வகுப்பில் ஒரு பயிற்சி. வீட்டில் மாளிகை இருப்பவன் மட்டும் வரலாறு கொண்டுவருவதாக ஆகிவிட்டால் நான் நடத்துவது தவறான பாடம்.

கணக்குப் புத்தகங்களைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். வெளியூரில் குடியேறிய ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது பெட்டகம் நிறைய இருந்த பேரேடுகளைப் பழைய பேப்பருக்கு எடைபோட்டுக் கொடுத்துவிட்டது. நாங்கள் தகவல் கேட்டுப் போனபோது அட்டைகள்தான் மிச்சம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. லேமினேஷன் வேண்டாம், செல்லோடேப் வேண்டாம், பிளாஸ்டிக் கவரில் கட்டவும் வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றி, தரையில் படாமல் மேலே வைத்து, மழைக்காலம் முடிந்ததும் நிழலில் ஒருமுறை விரித்தால் போதும். ஜன்னல் ஓரம் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், செல்போனிலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைக்கலாம். கொடுத்துவிட விரும்பினால் ஒரு நல்ல நூலகத்துக்குக் கொடுங்கள். கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்த புத்தகங்களும் இதழ்களும்தான் இன்று சென்னையில் உலகமே தேடிவரும் ஓர் ஆராய்ச்சி நூலகம்.

கொரியாவுக்கு வழக்கமாக நேரம் இருக்காது, பல ஆசிரியர்கள் கடைசி வாரத்தில் ஓட்டிவிடுவார்கள். எனக்கு இங்கே ஒரு நல்ல வழி கிடைத்தது. நகரத்தாருக்கு ஒன்பது கோயில். ஒரே கோயில் பங்காளிகளுக்குள் கல்யாணம் கிடையாது என்பது இந்தப் பக்கத்தில் எந்தச் சமூகத்துப் பிள்ளைக்கும் தெரியும். கொரியாவிலும் குடும்பப் பெயரும் பூர்வீக ஊரும் ஒன்றாக இருந்தால் மணம் செய்யக் கூடாது என்று சட்டமே இருந்தது. 1997-ல்தான் அவர்களின் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது. இதைச் சொன்னதும் கன்பூசிய நெறி, சோசோன் அரசு (கொரியாவின் பழைய அரச வம்சம்), வம்சாவளிப் புத்தகம் எல்லாவற்றுக்கும் பிள்ளைகளே கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். ஒற்றுமையை மட்டும் காட்டினால் பாடம் தித்திப்பாகிவிடும், அதனால் வேற்றுமையையும் உடனே வைப்பேன். இங்கே பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைப்பது மரியாதை. பழைய சீனாவில் முன்னோர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதே அவமரியாதை. இரண்டு இடத்திலும் முன்னோர் வழிபாடுதான் காரணம். இதை வைத்து விவாதம் நடந்த வகுப்பை மணி அடித்த பிறகும் முடிக்க முடியவில்லை.

பழைய காலத் தொடர்பு பற்றி எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சோழர் தூதுக்குழு 1015-லும் 1033-லும் 1077-லும் சீனாவின் சோங் அரசவைக்குப் போனது உண்மை. சீனாவின் குவான்சோ துறைமுகத்தில் 1281-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது உண்மை. அங்கே சிவன் கோயில் இருந்திருக்கிறது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ இலங்கையில் நிறுத்திய, 1409-ம் ஆண்டுத் தேதியிட்ட கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் இருக்கின்றன. கேட்டதும் "அப்போதே நம்ம செட்டியார்கள் சீனா போயிருக்காங்க" என்று எழுதிவிடுவார்கள். அந்தக் கல்வெட்டுகளில் வரும் வணிகர்களை இன்றைய நகரத்தாரோடு நேராக இணைக்க ஆதாரம் வேண்டும். அது கையில் இல்லாமல் எழுதினால் மதிப்பெண் குறைப்பேன். இந்தக் கண்டிப்பை நான் கற்றது நொபொரு கராஷிமாவின் எழுத்தில். ஜப்பானிலிருந்து இளைஞராக வந்து தமிழ்க் கல்வெட்டு படித்து, சோழர் காலத்து நிலவுடைமையை நமக்கே விளக்கியவர். இங்கிருந்து அதிக தூரமில்லாத பெரியபட்டினத்தில் எ. சுப்பராயலுவோடு சேர்ந்து சீனப் பீங்கான் துண்டுகளை ஆராய்ந்தவரும் அவர்தான். மாணவர்களைப் பெரியபட்டினம் கூட்டிப்போனால் அவர் பெயரைச் சொல்லாமல் திரும்பமாட்டேன். எதிர்த் திசைக்கு நம் கோட்டையூர் ஏ.கே. செட்டியார் இருக்கிறார். ரங்கூனில் தனவணிகன் இதழ் நடத்தி, 1930-களில் தோக்கியோ போய்ப் புகைப்படக் கலை கற்றவர்.

தேர்வு நடத்துபவர்களுக்கும் எழுதுபவர்களுக்கும் ஒரு சின்ன விஷயம். தமிழ்ப் புத்தகங்களில் பீகிங், பெகிங், பெய்ஜிங் மூன்றும் வரும், கான்டனும் குவாங்சோவும் வேறு ஊர் என்று நினைத்து எழுதிய விடைத்தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் வாரமே ஒரு பெயர் அட்டை தயாரித்துக் கொடுத்துவிடுங்கள். சரி, அதற்கு மேல் தேர்வைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

மேலே படிக்க ஆசைப்பட்டு வருபவர்கள் வருடத்துக்கு ஓரிருவராவது உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் கிழக்கு ஆசியத் துறை இருக்கிறது, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. சாந்திநிகேதனில் 1937-ல் தாகூர் திறந்த சீன பவனம் இருக்கிறது. ஆனால் எங்கே போனாலும் மொழி இல்லாமல் கதவு திறக்காது. ஜப்பானிய மொழித் திறன் தேர்வு சென்னையிலேயே ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. ஐந்தாம் நிலைதான் தொடக்கம். வினைச்சொல் வாக்கியக் கடைசியில் வருவதால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த மொழியின் நடை சீக்கிரம் பிடிபடுகிறது. எழுத்துத்தான் உழைப்பு கேட்கும்.

இப்போது கண்டனூர்ப் பெண் ஒருத்தி நான்காம் நிலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். ரங்கூன் அரிசி வியாபாரத்தில் நகரத்தார் கடையும் ஜப்பானியக் கம்பெனியும் எங்கே சந்தித்தன என்பதை ஆராய வேண்டும் என்பது அவள் ஆசை. ஜப்பானிய மொழி மட்டும் போதாது, பேரேடு வாசிக்கவும் தெரிய வேண்டும் என்று சொன்னேன். அவளுக்குப் பழைய தமிழ் எண்ணும் கீழ்வாய்க் கணக்கும் (பின்னக் கணக்கு) தெரியாது. ஒரு கடையில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற பெரியவர் சனிக்கிழமைதோறும் அவளுக்கு அரைக்கால், மாகாணி, முந்திரி சொல்லிக்கொடுக்கிறார். வேறு மாணவர்களும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார், இந்தப் பருவத்தில் நான்கு பேரை அனுப்புகிறேன்.